டிக்கா டி3எக்ஸ் லைட்டும் அதில் பூட்டும் சைலன்சரும்: நோர்வேக் காட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

பின்லாந்தின் ரீஹிமாக்கி நகரில் சாக்கோ நிறுவனம் தயாரிக்கும் டிக்கா டி3எக்ஸ் லைட் ரைபிளையும், அதன் குழல்வாயில் திருகிப் பூட்டும் அலுமினிய சைலன்சரையும் இங்கே ஒன்றாகவே மதிப்பிடுகிறேன். கடையில் இவை வெவ்வேறு பொருள்கள்தாம். ஆனால் நோர்வேயின் உள்நாட்டுக் காடுகளில் எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்குப் போகும் மிகப் பலருக்கு இவ்விரண்டும் சேர்ந்ததே ஒரு கருவி. என் ரைபிள் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு உரியது. சைலன்சர் குழலின் மேலே பின்னோக்கிப் படர்ந்து உட்காரும் வகை. இந்நாட்டின் ஹவுஸ்கன், ஏ-டெக் முதலிய நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளை விற்கின்றன. நான் சொல்லப்போகும் குணங்கள் எந்த ஒரு வர்த்தகப் பெயருக்கும் உரியவை அல்ல, இந்த அமைப்புக்கே பொதுவானவை என்பதால், என்னிடமுள்ளது யார் செய்தது என்பதைத் தனியே குறிப்பிடவில்லை.

சைலன்சர் என்றதும் நம்மவர் மனதில் எழுவது சினிமாவில் காணும் கள்ளத்தனமான கொலைக்கருவிதான். நோர்வேயில் அதை வாங்கத் தனி உரிமம் தேவையில்லை. கட்டுப்பாடு முழுவதும் துப்பாக்கியின் மீதும் வேட்டைக்காரரின் மீதும்தான் இருக்கிறது. 30 மணி நேரப் பாடநெறியை முடித்து வேட்டைத் தேர்வில் தேறியவரே வேட்டைக்குப் போகலாம். பெரிய விலங்குகளை வேட்டையாட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் காவல்துறையின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக, 1934ஆம் ஆண்டுச் சட்டம் சைலன்சருக்கு 200 டொலர் வரி விதித்தது. அந்த வரி 2026 ஜனவரியில்தான் பூச்சியமானது. ஒலியைத் தணிக்கும் கருவியைச் செவியைக் காக்கும் சாதனமாகவே நோர்வே கருதுகிறது என்பது என் எண்ணம். அதுவே சரியான பார்வை என்றும் நம்புகிறேன்.

இதன் உள்ளமைப்பு எளிமையானது. குழல்வாயிலிருந்து பீறிட்டு வரும் சூடான வாயுவை உள்ளே அடுக்கப்பட்ட தடுப்புத் தட்டுகள் சிறைப்பிடித்து, விரியவும் ஆறவும் அவகாசம் கொடுத்து, மெல்ல வெளியே விடுகின்றன. 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன். மோட்டார் வாகனங்களின் புகைக்குழாய்க்கும் அவர் இதே தத்துவத்தைப் பயன்படுத்தினார். சைலன்சர் இல்லாத .308 ரைபிள் சுடும்போது சுடுபவரின் காதருகே ஏறத்தாழ 165 டெசிபல் ஒலி எழுகிறது. ஒரே ஒரு வெடிப்பொலிகூடச் செவிக்கு நிரந்தரக் கேடு செய்யக்கூடிய எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 140 டெசிபல். நல்ல சைலன்சர் 25 முதல் 30 டெசிபல் வரை குறைத்து, ஒலியை அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே கொண்டுவருகிறது. எனவே இது ஓசையற்ற கருவி அல்ல. சுடுதளத்தில் அடுத்தடுத்துச் சுடும்போது காதுக்கவசத்தைக் கழற்றவே கூடாது. காட்டிலும் நான் அணிந்தே இருக்கிறேன்.

குண்டு தன் வழியில் எழுப்பும் ஒலியை எந்தச் சைலன்சராலும் தணிக்க முடியாது. .308 குண்டு நொடிக்கு 800 மீற்றரை ஒட்டிய வேகத்தில் புறப்படுகிறது, ஒலியின் வேகமோ 20 பாகை செல்சியஸில் 343 மீற்றர்தான். அந்த வேறுபாட்டில் பிறக்கும் சாட்டையடி போன்ற வெடிப்பொலி குண்டு போகும் பாதை முழுவதும் காற்றில் கேட்கும். ஒலியைவிட மெதுவாகச் செல்லும் .308 தோட்டாக்களும் கிடைக்கின்றன, ஆனால் அவற்றின் ஆற்றல் 700 யூலுக்கும் குறைவு. எல்க் வேட்டைக்கு நோர்வே விதிகள் கேட்பது வேறு: 10 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள குண்டானால் 100 மீற்றர் தூரத்தில் குறைந்தது 2,200 யூல், 9 முதல் 10 கிராம் வரையானால் 2,700 யூல். சத்தமே இல்லாமல் எல்க்கை வீழ்த்தலாம் என்று எண்ணி யாரும் இதை வாங்க வேண்டாம். அது சட்டத்துக்கும் புறம்பு, விலங்குக்கும் கொடுமை.

ரைபிளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. குறிபார்க்க மேலே பூட்டும் தொலைநோக்கி இல்லாமல் ஏறத்தாழ 2.9 கிலோகிராம் எடை. மூன்று தோட்டா கொள்ளும் மேகசின். தோட்டாவை ஏற்றவும் வெளியேற்றவும் கையால் இயக்கும் போல்ட்டை 70 பாகை மட்டுமே தூக்க வேண்டும்; அது தடித்த கையுறையோடும் தொலைநோக்கியில் இடிக்காமல் இயங்குகிறது. விசையின் இழுவையை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நாமே திருகி அமைத்துக்கொள்ளலாம். 100 யார் தூரத்தில் மூன்று குண்டுகள் ஒரு நிமிடக் கோணத்துக்குள், அதாவது ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றருக்குள் விழும் என்பது தயாரிப்பாளரின் உறுதிமொழி. தனக்கு ஒத்துப்போகும் தோட்டா கிடைத்ததும் என் ரைபிள் அதைக் காப்பாற்றியது. இவ்வளவு இலேசான .308 ரைபிள் சைலன்சர் இன்றித் தோளில் கடுமையாக உதைக்கும் என்பதுதான் இதன் இயல்பான விலை. சைலன்சரின் பெரிய உதவி அங்கேதான் தொடங்குகிறது.

துப்பாக்கி சுடுவதில் பிழை நேர்வதற்குக் குழலும் தோட்டாவும் காரணமாவது அரிது. சுடுபவரின் உடல் உதையையும் ஓசையையும் எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் சுருங்குவதே பெரும்பாலான தவறுகளின் வேர். சைலன்சர் வாயுவின் வேகத்தைத் தணிப்பதால் உதை குறைகிறது. முன்பாரம் கூடுவதால் குழல்வாய் மேலெழுவதும் குறைகிறது. கண் தொலைநோக்கியிலிருந்து விலகாமல் இலக்கிலேயே நிற்கிறது. நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் சுடும் தேர்வில் தேற வேண்டும்: 100 மீற்றர் தூரத்தில் நிற்கும் கலைமான் உருவத்தில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளும் விழ வேண்டும். அதற்கு முன் குறைந்தது 30 பயிற்சிக் குண்டுகளையும் சுட்டிருக்க வேண்டும். இந்தப் பயிற்சிக்கென்று ஊர்ச் சுடுதளத்துக்குப் போகும் மாலைகளில், வரிசையின் அந்தக் கோடியில் சைலன்சர் இல்லாத ஒரு ரைபிள் வெடித்தால் பக்கத்துப் பாய்களில் படுத்திருப்பவர்களின் தோள்களும் ஒருசேரத் துடிப்பதைக் காணலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு, குறிப்பாக உடல்வாகு சிறியவர்களுக்கு, சைலன்சர் பூட்டிய ரைபிளையே முதலில் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இந்நாட்டுக் கிராமங்களில் சுடுதளங்கள் பலவற்றையும் நடத்துவது 1893இல் தொடங்கிய தன்னார்வச் சுடுவோர் சங்கத்தின் கிளைகள்தாம். வயலும் காடுமாக இருந்த இடங்களை ஒட்டி வீடுகள் எழும்பும்போது, தலைமுறைகளாக இயங்கிய சுடுதளமும் அயலவருக்குத் தொல்லையாகிவிடுகிறது. சைலன்சர் அந்தப் பூசலை முற்றாகத் தீர்க்காது. ஆனால் ஒரு கிலோமீற்றர் தள்ளி வசிப்பவருக்கு, நெஞ்சை அதிரவைக்கும் வெடிக்கும் எங்கோ ஒரு பலகை முறிந்தாற்போல் கேட்கும் ஓசைக்கும் உள்ள வேறுபாடு பெரியது. நில உரிமையாளரின் அனுமதியோடு பண்ணையில் பயிற்சி செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

காட்டில் இதன் அருமை வேறு விதமாகப் புலப்பட்டது. எல்க் வேட்டை குழுவாகச் செய்வது. ஒவ்வொருவரும் தமக்குக் குறித்த இடத்தில் காத்திருக்க, நாயோடு ஒருவர் காட்டுக்குள் நடக்கிறார். மரம் வெட்டி வெறுமையான ஒரு சரிவின் ஓரத்தில் நான் நின்றிருந்தபோது, இளம் பிர்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கன்று எல்க் நடந்து வந்து, 70 மீற்றர் அளவில் பக்கவாட்டில் நின்றது. சுட்டதும் குண்டின் வெடிப்பொலிக்குப் பின்னால், ஈரமண்ணில் மண்வெட்டி இறங்கியது போன்ற ஒரு மந்தமான ஓசை தெளிவாகக் கேட்டது. அது குண்டு உடலில் பாய்ந்த ஓசை. சைலன்சர் இல்லாத ரைபிளில் அது நம் காதின் இரைச்சலில் கரைந்துபோகும். தொலைநோக்கியிலும் விலங்கின் முன்கால்கள் மடிவதைக் கண்டேன், உதையில் காட்சி சிதறவில்லை. பட்டதா, எங்கே பட்டது என்பதை உடனே அறிவது வேட்டைக்காரரின் முதற்கடமை. பட்ட விலங்கு காட்டுக்குள் மறைந்தால், தடம்பிடிக்கும் தேர்ச்சி பெற்ற நாயை வரவழைத்துத் தேடியாக வேண்டும். அந்த நாய்க்கும், குழுவினர் வானொலியில் பேசுவதைக் கேட்கும் நம் காதுக்கும் இந்தக் கருவி செய்யும் நன்மையைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

இனி இடர்ப்பாடுகள். குழலின் மேல் படரும் வகையாயினும் இது ரைபிளின் நீளத்தை ஒரு சாண் அளவுக்குக் கூட்டுகிறது, எடையை 300 முதல் 500 கிராம் வரை ஏற்றுகிறது. நெருங்கிய ஸ்புரூஸ் காட்டுக்குள் நடக்கையில் குழல்முனை ஒவ்வொரு கிளையிலும் சிக்கும். இதற்கு நேரான வழி 57 சென்ரிமீற்றர்க் குழலை விட்டு 51 சென்ரிமீற்றர்க் குழலை வாங்குவது. அதனால் குண்டு நொடிக்கு 15 முதல் 20 மீற்றர் வரை வேகம் இழக்கும், 11.7 கிராம் குண்டுக்கு விதி கேட்கும் 2,200 யூலை அந்த இழப்பு தொட்டுக்கூடப் பார்க்காது.

வெப்பம் இரண்டாவது. ஐந்தாறு குண்டுகள் தொடர்ந்து சுட்டால் வெறுங்கையால் தொட முடியாத சூடாகிவிடும், அதிலிருந்து எழும் கானல் தொலைநோக்கியின் முன் அலையடித்து இலக்கை நெளியவைக்கும். வேட்டையில் இது பொருட்டல்ல. சுடுதளத்தில் பொறுமையாக ஆறவிட்டுச் சுட வேண்டும், அல்லது துணியுறை ஒன்று மாட்ட வேண்டும். சைலன்சரைப் பூட்டினால் குண்டு விழும் இடமும் மாறும் என்பதால், பூட்டிய நிலையிலேயே தொலைநோக்கியைச் சரிசெய்து, எப்போதும் பூட்டியே சுட வேண்டும்.

ஈரத்தை நான் எல்லாவற்றையும்விடக் கூடுதலாக அஞ்சுகிறேன். வெடிமருந்து எரியும்போது நீராவியும் பிறக்கிறது. மாலையில் வீடு திரும்பி, சைலன்சரைக் கழற்றாமல் ரைபிளை அலுமாரியில் பூட்டிவைத்தால், அந்த ஈரமும் புகைக்கரியும் சேர்ந்து குழல்வாயையும், சைலன்சரைத் திருகிப் பூட்டும் புரியான மரையையும் அரிக்கத் தொடங்கும். பனிக்காலத்தில் குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவரும்போது இரும்பு முழுவதும் வியர்த்துவிடுவது இதைப் பெருக்குகிறது. கழற்று, துடை, உலரவிடு, மரைக்கு மெல்லிய எண்ணெய் பூசு: இது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. பனி பெய்யும் நாளில் முனைத்துளையின் மேல் ஓர் ஒட்டுநாடாவை ஒட்டிக்கொள்வதும் நல்லது.

மரை விஷயத்தில் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் பழைய ரைபிளுக்கு மரை வெட்டக் கொடுத்தார். வெட்டியவர் குழலின் துளைக்கு நேராக அல்லாமல், வெளிப்புறத்தை அளவாகக் கொண்டு வெட்டியிருந்தார். சைலன்சர் கண்ணுக்குத் தெரியாத அளவில் சாய்ந்து நின்றது, இரண்டாம் குண்டே கடைசித் தட்டைக் கிழித்துக்கொண்டு போனது. யாருக்கும் காயமில்லை என்பது நற்பேறு. தொழிற்சாலையிலேயே மரை வெட்டி வரும் குழலையே வாங்குங்கள். வேறு வழியில்லையென்றால், துளைக்குள் நேர்க்கோல் செருகி, அது சைலன்சரின் நடுவே செல்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே முதல் தோட்டாவை இடுங்கள். எம்14, எம்15, எம்18 என்று மரையளவுகள் பல உண்டு என்பதால், சைலன்சர் வாங்கும்போது ரைபிளைக் கையோடு கொண்டுபோவது உத்தமம். சுடுமுன் ஒவ்வொரு முறையும் கையால் திருகி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

ஓசை குறைந்தாலும் குண்டின் பாய்ச்சல் குறைவதில்லை. .308 குண்டு தடுப்பேதுமின்றிப் போனால் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வரை செல்லக்கூடும். பண்ணை நிலத்தில் சுடும்போது பின்னால் உயர்ந்த மண்மேடு இருக்க வேண்டும் என்ற விதியில், அயலவருக்குக் கேட்கவில்லை என்பதற்காக ஒரு துளியும் தளர்வு கூடாது.

உண்மையிலேயே மெல்லிய ஓசையில் பொழுதுபோக்காக இலக்குச் சுட விரும்புவோருக்கு, இதே நிறுவனத்தின் டி1எக்ஸ் என்ற .22 ரைபிள் பொருத்தமானது. நொடிக்கு 320 மீற்றர் அளவில் செல்லும் மெதுவான தோட்டாவோடு அதில் சுட்டால், போல்ட் இயங்கும் சத்தமே பெரிதாகக் கேட்கும். கடுங்குளிரில் மட்டும் கவனம் வேண்டும்: உறைநிலைக்கு 20 பாகை கீழே ஒலியின் வேகமே ஏறத்தாழ 319 மீற்றருக்கு இறங்கிவிடுவதால், கோடையில் அமைதியாக இருந்த அதே தோட்டா அங்கே வெடிப்பொலி எழுப்பக்கூடும்.

சைலன்சரின் விலை பெரும்பாலும் 3,000 முதல் 6,000 நோர்வேக் குரோனர் வரை. பணம் அளவாக உள்ளவர் தொலைநோக்கியில் ஒரு படி இறங்கியாவது இதை வாங்கலாம் என்பதே என் கருத்து. ரைபிளில் 51 சென்ரிமீற்றர்க் குழல், தொழிற்சாலை மரை, சைலன்சர் இல்லாத நேரத்தில் மரையைக் காக்கும் மூடி ஆகிய மூன்றையும் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.