கிண்ணியாச் சட்டித் தயிர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் கோயில், கோட்டை மான்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று சுற்றிவிட்டு, கடைசியில் கண்ணில் பட்ட தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறுகிறார்கள். ஊர்ச் சாப்பாட்டில் நிதானமாகப் பார்த்து வாங்கவேண்டிய சாமானே அதுதான்.

திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியா, மூதூர்த் தயிர் எருமைப் பாலில் போடுவது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் அளவில் இருக்கும். எருமைப் பாலில் 7, 8 வரை போகும். மிச்ச வேலையைச் சட்டி பார்த்துக்கொள்ளும். சுடுமண் நீரை உறிஞ்சி வெளியே கசியவிடும், தயிர் இறுகும். அதே பாலைப் பிளாஸ்டிக் கோப்பையில் உறையவைத்தால் இந்த இறுக்கம் கிடைக்காது.

முதலில் பேப்பர் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நிறம் வெள்ளையாக இருக்கவேண்டும். மஞ்சள் ஓடினால் பசும்பால் கலந்திருக்கலாம். நடுவில் ஊசி குத்தியதுபோல் குமிழித் துளைகள் தெரிந்தால் வேண்டாம். உறையோடு வேறு கிருமியும் சேர்ந்து வாயு கிளப்பியிருக்கிறது. கரண்டியால் வெட்டினால் வெட்டிய விளிம்பு நிற்கவேண்டும். தண்ணீர் சட்டென்று குளம்கட்டினால், பால் அதிகச் சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றியிருப்பார்கள், அல்லது உறைவதற்குள் சட்டியை அசைத்திருப்பார்கள். பாலைக் காய்ச்சி, விரல் தாங்கும் சூட்டுக்கு (40 முதல் 45 பாகை) ஆறவிட்டபிறகுதான் உறை ஊற்றவேண்டும். அவசரப்பட்டால் இதுதான் கதி.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “நானா (அண்ணா), எப்ப உறை போட்டது?” நேற்று இரவு என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சரி. வெயிலில் இரண்டு நாள் நின்றது மோருக்குத்தான் உதவும். புளித்ததைப் பாணி (கித்துள் பனையின் சாற்றைக் காய்ச்சிய இனிப்புப் பாகு) ஊற்றி மறைக்கலாம் என்று நினைக்கவேண்டாம், மறையாது.

பாணி விஷயத்திலும் கவனம். கித்துள் நம் பக்கத்து மரம் இல்லை, பாணி மலைநாட்டுப் பக்கமிருந்து வருகிறது. நல்லதில் லேசான புகை வாசம் இருக்கும். சீனி கலந்ததில் இனிப்பு மட்டும்தான். சந்தேகமென்றால் பாணியை விட்டுவிட்டு, காலையில் பிட்டோடு தயிரும் கதலி வாழைப்பழமும் பிசைந்து சாப்பிடுங்கள். கிழக்கில் வீடுகளில் சாப்பிடும் முறை அது. என்னைக் கேட்டால் பாணியைவிட அதற்குத்தான் கூடுதல் புள்ளி.

குறை என்று சொன்னால் மூடிதான். அச்சு மை பட்ட பத்திரிகைத் தாள் தயிரில் ஒட்டுகிறது. வாழையிலை கட்டும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

2009 இல் 396 மீட்டர்ப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து நகருக்கு வர மிதப்புப் பாதையில்தான் (ஆள், வாகனம் ஏற்றிக் கடக்கும் படகு) ஏறவேண்டியிருந்தது. இப்போது காலையிலேயே போய் வாங்கி வரலாம். கொண்டுபோகும்போது சட்டியைச் சரிக்காமல், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள், கசியும். பிரிட்ஜில் கருவாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவேண்டாம். மண் சட்டி வாசத்தையும் குடிக்கும்.