பழைய டீசல் காருக்கு எந்த ஆயில்? மூன்று கேன்கள், ஒரு மதிப்பீடு

சைலன்ஸர் வரிசையில் துகள் வடிகட்டி இல்லாத காலத்து டீசல் காருக்கு ஆயில் கேட்டால், மேசைக்கு வருவது பெரும்பாலும் மூன்று கேன்களில் ஒன்று: 15டபிள்யூ-40 மினரல், 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக், 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக். இதில் எது உசத்தி என்ற கேள்வியோடு ஆரம்பித்தால் பாதி வழியிலேயே தடம் மாறிவிடும். மூன்று வகையிலும் டீசலுக்கென்றே கலந்த ஆயிலும் கிடைக்கிறது, பெட்ரோல் காரை மனதில் வைத்துக் கலந்த ஆயிலும் கிடைக்கிறது. அந்த வித்தியாசம் கேனின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தில் இருக்காது. பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.

எங்கள் தேர்வு 15டபிள்யூ-40, அதுவும் சிஐ-4 பிளஸ் அல்லது சிகே-4 தரம் அச்சிட்டது. லாரிக்கு ஊற்றுகிற ஆயில்தானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பழைய டீசல் கார் இன்ஜினும் அந்தக் குடும்பம்தான். அதற்குத் தேவையானதெல்லாம் லாரி ஆயிலில் இருக்கிறது. விதிவிலக்காக ஒரு வகை இன்ஜின் உண்டு, அதில் இந்த ஆயிலை ஊற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் போய்விடும். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

பின்பக்கத்து எழுத்துகளுக்கு வருவோம். அமெரிக்க பெட்ரோலியக் கழகமான ஏபிஐ தரத்தில் 'எஸ்' என்று தொடங்குபவை பெட்ரோலுக்கு, 'சி' என்று தொடங்குபவை டீசலுக்கு. சிஎஃப் 1994-இல் வந்தது, முன்னறை (டீசல் முதலில் எரியத் தொடங்கும் சிறு அறை) வைத்த பழைய டீசல் இன்ஜின்களுக்காக. சிஹெச்-4 1998-இல், சிஐ-4 2002-இல், சிகே-4 2016-இல். சிஐ-4 வந்த காரணமே புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே இழுக்கும் இஜிஆர் இன்ஜின்கள்தான். அவற்றில் புகைக்கரி ஆயிலுக்குள் அதிகம் சேரும். அந்தக் கரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பிரித்து வைத்திருக்க வேண்டும். பழைய டீசலுக்கும் அதே தலைவலி இருப்பதால் இந்தத் தரம் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. சிஐ-4 பிளஸ் இதன் மேம்பட்ட வடிவம்: கரி சேரும்போது ஆயில் தடித்துப் போவதையும், ஓடி ஓடி நீர்த்துப் போவதையும் இன்னும் நன்றாகத் தாங்கும்.

'எஸ்என்/சிஎஃப்' என்று மட்டும் போட்ட கேன் ஏராளமாக விற்கிறது. அது முதன்மையாகப் பெட்ரோல் ஆயில். அந்த சிஎஃப், வழக்கொழிந்துவிட்ட ஒரு தரத்தின் பெயர். டர்போ வைத்த, முன்னறை இல்லாமல் சிலிண்டருக்குள்ளேயே டீசலைப் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு அது மட்டும் போதாது. கூடவே ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ-வின் ஏ3/பி4 அச்சாகியிருந்தால் எடுக்கலாம். இன்னொரு கண்ணி எஃப்ஏ-4. சிகே-4 வந்த அதே நேரத்தில் வந்தது, டீசல் ஆயில்தான். ஆனால் எரிபொருள் மிச்சத்துக்காக வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்தது. பழைய இன்ஜினுக்கு ஆகவே ஆகாது.

சிஐ-4 பிளஸ் நல்லதா, சிகே-4 நல்லதா? சிகே-4 ஆயிலில் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பாஸ்பரஸ் 0.12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு. துகள் வடிகட்டி அடைபடாமல் இருக்கத்தான் இந்த வரம்பு. வடிகட்டியே இல்லாத காருக்கு அதனால் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. கந்தகம் மிகுந்த டீசல் கிடைக்கும் இடங்களில் மட்டும் கணக்கு மாறும். கந்தகம் எரிந்து அமிலமாகி ஆயிலில் கலக்கும். அதை முறிக்க ஆயிலில் காரம் வேண்டும். தகவல் தாளில் டிபிஎன் என்று போட்டிருப்பது அந்தக் கார இருப்பைத்தான். சிஐ-4 ஆயில்களில் அது பொதுவாக 10-க்கு மேல் இருக்கும், சிகே-4-இல் பெரும்பாலும் சற்றுக் குறைவு. கந்தகம் குறைந்த டீசல் என்றால் இரண்டில் எது கிடைத்தாலும் சரி.

இனி அந்தப் பழைய வாதம்: "சிந்தெடிக் தண்ணி மாதிரி இருக்கும், பழைய இன்ஜினில் ஒழுகும்." 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டிலும் கடைசி எண் 40. 100 டிகிரி செல்சியஸில் இரண்டின் பாகுத்தன்மையும் 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்பது வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் விதி. சூடான இன்ஜினில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் குளிர்ந்த நிலையில்தான்: 40 டிகிரியில் 15டபிள்யூ-40 சுமார் 110, 5டபிள்யூ-40 சுமார் 85 முதல் 90. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் கீழே சொட்டு கூடுதலாகத் தெரிந்தால் இதனால்தான். ஓடும்போது ஒழுகினால் குற்றம் சீலின்மேல், ரப்பர் இறுகிவிட்டது. கசடு அதை இதுவரை அடைத்துக்கொண்டிருந்தது, நல்ல ஆயில் கசடைக் கரைத்ததும் உண்மை வெளியே வருகிறது.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு குளிரில் இன்ஜின் சுற்றும் என்பதற்கானது. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். உறைபனியே பார்க்காத காருக்கு 5டபிள்யூவின் அந்தத் திறமை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். அதே சமயம் 15டபிள்யூ-40-க்கு ஒரு சாதகம் உண்டு. 150 டிகிரியில், பேரிங்கில் நசுங்கும் வேகத்தில் ஆயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்று பார்க்கும் ஹெச்டிஹெச்எஸ் சோதனையில் அதற்குக் குறைந்தபட்சம் 3.7 வேண்டும், 5டபிள்யூ-40-க்கும் 10டபிள்யூ-40-க்கும் 3.5 போதும். தேய்ந்த பேரிங்குக்கு இந்தத் தடிப்பு நல்லது. 5டபிள்யூ-30-இல் 3.5-ஐத் தொடுபவையும் உண்டு, 2.9-இலேயே நிற்பவையும் உண்டு. மேனுவல் கேட்காத வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேன்களைப் பார்ப்போம். 15டபிள்யூ-40 மினரல் வகையில் ஷெல் ரிமுலா ஆர்4 எக்ஸ், மொபில் டெல்வாக் 1300 சூப்பர் போன்றவை எளிதில் நினைவுக்கு வருபவை. முன்னது சிஐ-4, பின்னது சிகே-4. முன்னறை வைத்த இன்ஜின், டர்போ இல்லாத இன்ஜின், மெக்கானிக்கல் பம்ப் வைத்த எளிய டர்போ எல்லாவற்றுக்கும் இந்த வகை போதும். குறை என்ன? அதிகச் சூட்டில் சிந்தெடிக் அளவுக்குத் தாங்காது. மலை ஏறிய கையோடு இன்ஜினை அணைத்தால் டர்போவின் பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகிப் படியும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். 5,000 முதல் 7,500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். இதில் நீட்டிப்புக் கேட்காதீர்கள்.

10டபிள்யூ-40 செமி சிந்தெடிக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏ3/பி4 இருந்தால் நடுத்தரமான, குறை சொல்ல முடியாத ஆயில். செமி என்றால் எத்தனை சதவீதம் சிந்தெடிக் என்று கேன் சொல்வதில்லை. அதனால் அந்தச் சொல்லுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக்கில் இரண்டு ரகம். ஷெல் ரொட்டெல்லா டி6 போல சிகே-4 தரமுள்ள கனரக ரகம் ஒன்று. ஏ3/பி4 தரமுள்ள கார் ரகம் மற்றொன்று. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் ஆரம்பகால காமன் ரெயில் டர்போ இன்ஜினுக்கு இரண்டாவது ரகம் மிகப் பொருத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹைட்ராலிக் டாப்பெட் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும் வால்வுத் தள்ளி) டக்டக்கென்று அடித்து, சில விநாடிகளில் அடங்கும் வண்டிக்கும் இது உதவும், ஆயில் மேலே சீக்கிரம் ஏறுவதால். சூடான பிறகும் சத்தம் அடங்காவிட்டால் ஆயிலை மாற்றிப் பயனில்லை.

இதோடு 20டபிள்யூ-50 என்று நாலாவது கேனைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். மேனுவலில் அனுமதி இருந்தால் தேய்ந்த இன்ஜினில் ஆயில் குடிப்பது கொஞ்சம் குறையும். பிரஷர் மீட்டர் உயர்ந்து நிற்பதைப் பார்த்து மகிழ வேண்டாம்; தடித்த ஆயிலைத் தள்ளுவதற்கு எதிர்ப்பு அதிகம், அதைத்தான் மீட்டர் காட்டுகிறது. பேரிங்குக்கு ஆயில் கூடுதலாகப் போகிறது என்று பொருளில்லை.

சொன்ன விதிவிலக்கு: ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பம்ப் டியூசே இன்ஜின்கள். 1990-களின் கடைசியில் வந்தவை. இவற்றில் தனி உயரழுத்த டீசல் பம்ப் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டரையும் கேம் ஷாஃப்டே அழுத்தி 2,000 பார் அளவுக்கு அழுத்தம் உண்டாக்குகிறது. கேம் ஷாஃப்டில் இன்ஜெக்டரை அழுத்தும் லோபுக்கு (புடைப்புக்கு) இடம் விட வேண்டியதால் வால்வு லோபுகள் குறுகலாகிவிட்டன. உரசும் இடத்தில் சுமை மிக அதிகம். இதற்கென்றே 505.01 என்ற தரம் வைத்தார்கள். அந்த எண்ணோ, அதற்கு மாற்றாக ஃபோக்ஸ்வேகன் ஏற்ற எண்ணோ கேனில் இல்லாத ஆயிலை, எவ்வளவு நல்ல லாரி ஆயிலாக இருந்தாலும், ஊற்றினால் லோபு தேய்ந்து டாப்பெட்டின் தலை ஓட்டையாகும். அதற்கு முந்தைய 505.00 தரம் வேறு. எண் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் ஏமாறுபவர்கள் பலர்.

மாற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும், கை சுடும் அளவுக்கு வேண்டாம். டிரெயின் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பழைய செம்பு வாஷர் இறுகிப்போயிருக்கும், ஒழுகுகிறதே என்று மேலும் முறுக்கினால், ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் மரை போய்விடும். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சியடிக்கும். மேனுவல் சொன்ன அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஆயில் விளக்கு அணையும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சமதளத்தில் டிப்ஸ்டிக் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர்.

மேல் கோட்டைத் தாண்டுவது டீசலில் சின்ன விஷயம் இல்லை. கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும்; நுரையும் துளிகளும், இன்ஜினின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் வழியே காற்றுக் குழாய்க்குப் போகும். டீசல் இன்ஜினுக்கு அந்த ஆயிலும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தறிகெட்டுச் சுற்றும். மேனுவல் கியர் வண்டியானால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு, கிளட்சை விட்டு மூச்சடைக்க வைப்பதுதான் வழி.

ஊற்றி நூறு கிலோமீட்டர் போவதற்குள் ஆயில் கறுத்துவிட்டதே என்று பதற வேண்டாம், பழைய டீசலில் அது இயல்பு. நிறத்தை வைத்து ஆயிலை எடை போட முடியாது. வடிதாளில் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு விட்டு, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். கறுப்பு நடுவிலிருந்து வெளியே மெல்ல மங்கிப் பரவினால் ஆயில் இன்னும் கரியைச் சுமக்கிறது. நடுவில் தார் உருண்டை போல நின்று, ஓரம் வெட்டியது போலத் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஊற்றாமலேயே அளவு ஏறி, டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரோ பம்பின் சீலோ கசிகிறது. அதைச் சரிசெய்த பிறகுதான் புது ஆயில்.

மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறலாம், இரண்டும் கலந்தாலும் கெட்டியாகாது. ஃபில்லர் மூடியைத் திறந்தால் உள்ளே தார் போலப் படிந்திருக்கும் இன்ஜினில் மட்டும் ஃபிளஷ் திரவம் வேண்டாம். ஒரே நாளில் பெயரும் கசடு சம்ப்பின் வலையை அடைத்து, பிரஷர் விழுந்து, பேரிங் பிடித்துவிடும். அதற்குப் பதில் முதல் ஆயிலை 2,000 கிலோமீட்டரில், அடுத்ததை 3,000-இல், இரண்டு முறையும் ஃபில்டரோடு மாற்றுங்கள். கழுவும் வேலையை ஆயிலே நிதானமாகச் செய்யும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிற இன்ஜினுக்கு எங்கள் மூன்று கேனிலும் மருந்து இல்லை. முதலில் ப்ரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி எல்லா சீலிலும் ஆயில் தள்ளும், சுத்தம் செய்ததும் பாதி ஒழுகல் நின்றுவிடும். அடுத்து டர்போவிலிருந்து இன்டேக்குக்குப் போகும் குழாயைக் கழற்றுங்கள்: லேசான ஈரம் சாதாரணம், தேங்கி நின்றால் டர்போ சீல். இரண்டும் சரி என்றால் கம்ப்ரெஷன் சோதனை. அதற்கு ஆகும் பணத்தை ஆயிலில் கலக்கும் புட்டி மருந்துகளுக்குச் செலவழிக்காதீர்கள்.