பளபளக்கும் கப் விமானம்: துணி போர்த்தும் வேலையில் ஏமாறாதீர்கள்

1946-இல் கட்டிய, துணி போர்த்திய சிறு விமானமான பைப்பர் ஜே-3 கப் ஒன்று, அமெரிக்காவில் ஒரு பட்டறையில் எலும்புக்கூடு வரை பிரிக்கப்பட்டு, புதுத் துணி போர்த்தி, மஞ்சள் பெயின்டுடன் வெளியே வந்தது. காகிதத்தில் குறையே இல்லை. பெரிய பழுதுவேலையைப் பதியும் படிவம் 337-இல் பாலி-ஃபைபர் என்னும் பாலியெஸ்டர் துணி முறை, பாலி-டோன் மேல்பூச்சு, அந்த முறைக்கு அனுமதி தரும் எஸ்.டி.சி. சான்றிதழின் எண் என எல்லாம் இருந்தது. இரண்டு கோடை கழிந்ததும் இறக்கையின் மேல்புறம் வெடித்தது. "வெயிலில் நிறுத்தியிருப்பீர்கள்" என்றது பட்டறை. வெயிலைத் தாங்கத்தானே ஐயா அத்தனை பூச்சும்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது பளபளப்பு. பாலி-டோன் காய்ந்தால் மெல்லிய மினுக்கம்தான் இருக்கும், முகம் பார்க்க முடியாது. எம்.இ.கே. கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் கண்ணில் படாத ஓரத்தில் தேய்த்தால் பாலி-டோனின் நிறம் துணிக்கு ஏறிவிடும். இங்கே எவ்வளவு தேய்த்தும் துணி வெள்ளையாகவே இருந்தது. அடித்திருப்பது கார் பெயின்ட், இரண்டு டப்பா கலந்து அடிக்கும் யூரித்தேன். துணிக்கென்றே வளைந்துகொடுக்கும்படி செய்து அனுமதி பெற்ற யூரித்தேனும் உண்டு, அது வேறு விஷயம். கார் பெயின்ட் விறைப்பான தகட்டுக்கானது. பறக்கும்போது இறக்கையின் விலாச் சட்டங்களான ரிப்களுக்கு நடுவே துணி ஓயாமல் அதிரும், அதோடு சேர்ந்து அது வளையாது. காகிதத்தில் ஒன்று, இறக்கையில் ஒன்று என்றால் அந்த எஸ்.டி.சி. அந்த விமானத்துக்குப் பொருந்தாது.

ஆனால் பெரிய குற்றம் மேலே இல்லை, அடியில். வெடிப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பியதும் மஞ்சளும் வெள்ளிப்பூச்சும் சேர்ந்து ஒரே தோலாக உரிந்து வந்தன. கீழே நெசவிழையை எண்ணும் அளவுக்கு வெறும் வெள்ளைப் பாலியெஸ்டர். பருத்தியைப் போல இந்த இழை பூச்சை உறிஞ்சாது. பூச்சு இழைகளுக்கு இடையே புகுந்து, மறுபக்கமும் சுற்றிக் கவ்விக்கொண்டால்தான் நிற்கும். அதனால்தான் பாலி-பிரஷ் என்னும் அடிப்பூச்சின் முதல் கோட்டை, மூன்று பங்குக்கு ஒரு பங்கு ரெட்யூசர் என்னும் நீர்க்கவைக்கும் கரைப்பான் கலந்து, பிரஷ்ஷால்தான் தேய்த்து இறக்க வேண்டும். ஸ்பிரே அடித்தால் மேலேயே படிந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். பட்டறைக்கு அதுதானே லாபம்.

இதைக் கண்டுபிடிக்க எதையும் உரிக்கத் தேவையில்லை. பாலி-பிரஷ்ஷில் இளஞ்சிவப்புச் சாயம் கலந்த வகைதான் பெரும்பாலும் புழங்குகிறது. பார்வைத் துளையின் மூடியைக் கழற்றி, டார்ச்சும் சிறு கண்ணாடியும் விட்டு, துணியின் உள்பக்கத்தைப் பாருங்கள். இழை இடுக்கெல்லாம் இளஞ்சிவப்பு ஊறியிருக்க வேண்டும். சுத்த வெள்ளையாக இருந்தால், நிறமில்லாத வகையைப் பூசியதாக ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேயே துணியில் எஃப்.ஏ.ஏ. - பி.எம்.ஏ. முத்திரையையும் (அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ. தரும் உதிரிபாகத் தயாரிப்பு அனுமதி) தேடுங்கள். இதே ஆலைத்துணி முத்திரை இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது, சான்றிதழ் பெற்ற விமானத்தில் அதைப் போர்த்தக் கூடாது.

அடுத்தது வெள்ளிப்பூச்சு. பாலி-ஸ்பிரேயில் இருக்கும் அலுமினியத் தூள்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. நிறப் பெயின்டை நம்பி அந்த வேலையை விட முடியாது. இருட்டில் 60 வாட் பல்பை உள்ளே பிடித்தால் வெளியே ஒளி தெரியக் கூடாது. இந்த கப்பில் இறக்கையின் அடிப்புறம் இருட்டாக இருந்தது, மேல்புறம் காகித விளக்குபோல ஒளிர்ந்தது. மாற்றி அடித்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம்.

துணியை ரிப்போடு கட்டும் தையலை விரலாலேயே அளக்கலாம். மேலே ஒட்டிய பல்வெட்டு டேப்பின் வழியே முடிச்சுகள் புடைப்பாகத் தட்டுப்படும். இடைவெளி, அந்த விமானத்தின் அதிகபட்ச வேகத்துக்கு எஃப்.ஏ.ஏ.வின் பழுதுவேலைக் கையேடான ஏ.சி. 43.13-1பி தரும் வரைபடத்தையும் பழைய துணியில் இருந்த இடைவெளியையும் ஒத்திருக்க வேண்டும். புரொப்பெல்லர் காற்று படும் ரிப்களில் இன்னும் நெருக்கம் வேண்டும். இங்கே இறக்கையின் நுனியிலும், உடலோடு சேரும் இடத்திலும் ஒரே அகல இடைவெளியில் தையல். இரண்டு ரிப்களில் நூலுக்கு அடியில் போகவேண்டிய பட்டை டேப்பே இல்லை. பட்டை இல்லாத இடத்தில் நூல் துணியை அறுக்கும்.

இதையெல்லாம்விட எரிச்சலூட்டியது வடிதுளை. வளையங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன, நடுவே ஓட்டைதான் போடவில்லை! காய்ச்சிய சால்டரிங் அயர்ன் நுனியால் ஒவ்வொன்றையும் குத்த வேண்டும், ஓரம் உருகிப் பிரியாமல் நிற்கும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாததால் வால் பக்கம் மழைநீர் தேங்கி, அடிக்குழாயில் துரு. கூர்ஊசியால் அழுத்தியதும் உள்ளே போயிற்று.

இப்படி வேலை கொடுப்பவர்கள் பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். துணி போர்த்துவதற்கு முன் வெறும் சட்டத்தைப் போய்ப் பாருங்கள். குழாய்களில் இரண்டு பகுதி எபாக்ஸி பிரைமர் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும், சாதாரண பிரைமரைத் துணிப்பசையிலுள்ள கரைப்பான் கிளப்பிவிடும். துணியைச் சுருக்கி இறுக்கும் இஸ்திரிப்பெட்டியை வெப்பமானி வைத்துச் சரிபார்க்கிறார்களா என்று கேளுங்கள். இறுதி இழுப்பு 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதைத் தாண்டினால் துணி இறுக்கத்தை இழக்கும், திரும்ப வராது. இஸ்திரிப்பெட்டிக்குப் பதில் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் கையில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வெள்ளிப்பூச்சு முடிந்த அன்று பல்பைக் கொண்டுபோங்கள். கடைசித் தவணையை எடை பார்க்கும் தராசில் விமானம் ஏறி, வெற்று எடையும் எடைமையமும் அளந்து எழுதப்பட்ட பிறகு கொடுங்கள், கணக்குப் போட்டு எழுதிய எடை வேண்டாம்.

பட்டறை கடைசியில் "இலவசமாகத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடித்துத் தருகிறோம்" என்றது. அதை ஏற்கக் கூடாது. முதல் கோட்டே துணியைக் கவ்வாதபோது மேலே எத்தனை கோட் போட்டாலும் எடைதான் ஏறும். துணியை அறுத்தெடுத்து, துருப்பிடித்த குழாயை மாற்றி, முதலிலிருந்து போர்த்துவது ஒன்றே வழி. அறுத்த துணியில் ஒரு துண்டை, உரியும் ஓரம் தெரியும்படி, படிவம் 337-இன் நகலோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். எஃப்.ஏ.ஏ.வுக்குப் புகார் எழுதும்போது அதுதான் சாட்சி.