பெயர் ஒட்டாத போத்தலில் உண்ணி மருந்து: வன்னியில் நாய்க்குட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

வீட்டுக்கே வந்து நாயைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, உண்ணியும் எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கிளிநொச்சி, பரந்தன் பக்கம் ஆட்கள் திரிகிறார்கள். பெயர் எழுதிப் பயனில்லை, நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள். வருபவர் கையில் இருக்கும் போத்தலைப் பாருங்கள்.

எங்கள் குட்டிக்கு மூன்று மாதம்தான். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி. எங்கள் வீட்டுக்கு வந்தவர் எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபா என்றார். காசு முற்பணம், பற்றுச்சீட்டு கிடையாது.

கிணற்றடியில் முதலில் நகம். எங்கள் குட்டிக்குக் கறுப்பு நகம். வெள்ளை நகமென்றால் உள்ளே இரத்தக் குழாய் ஓடுவது இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பில் தெரியாது. அதனால் நுனியை மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீற்றராகச் சீவ வேண்டும். வெட்டிய முகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இவர் ஒரே வெட்டாக வெட்டினார். குட்டி வீரிட்டது. சீமெந்தில் இரத்தம் சொட்ட, காலை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, "எல்லா நாய்க்கும் வாறதுதான் அக்கா" என்றார். கொஞ்சம் சோளமாவை நகத்தில் வைத்து அழுத்திப் பிடித்தால் நிற்கிற இரத்தம் அது.

காலைத் துடைக்க நான் துணி எடுத்து வருவதற்குள், லேபல் இல்லாத சோடாப் போத்தல் ஒன்றிலிருந்து எதையோ வாளிக்குள் ஊற்றிக் குட்டியின் முதுகில் தேய்த்துவிட்டார். தண்ணீர் பால் போல வெளுத்திருந்தது. அடுப்படியில் இருந்த அம்மா மணத்துக்கே வெளியில் வந்துவிட்டார்.

"தம்பி, உது வயலுக்கு அடிக்கிற மருந்தெல்லே?"

"இல்லையம்மா, நாய்க்கெண்டே கொழும்பிலயிருந்து வாறது."

காலபோகத்துக்குக் காலபோகம் மருந்துத் தாங்கி சுமந்த வீட்டில் இந்தக் கதை எடுபடுமா? அம்மா போத்தலைக் கேட்டார். அவர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் குட்டிக்கு வாயால் வீணீர் ஒழுகத் தொடங்கியது. பின்னங்கால்கள் நடுங்கின, சத்தி எடுத்தது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. நன்றாகக் கழுவி, துவாயில் சுற்றி, ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டது போத்தலைத்தான். அது இல்லாததால், குணங்குறியைப் பார்த்து, பூச்சிகொல்லி நஞ்சென்று அற்றோபின் ஊசி போட்டார். குட்டி தப்பியது. அந்த ஆளுக்கு போன் எடுத்தால், "உங்கட குட்டிக்கு முதலே வருத்தம் இருந்திருக்கும்" என்ற பதிலோடு இணைப்பைத் துண்டித்தார். காசும் வரவில்லை.

பூச்சிகொல்லியைப் பதிவில்லாமல், லேபல் இல்லாமல் விற்கவே கூடாது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருப்பது அதற்குத்தான். நாய்க்கென்றே வருகிற உண்ணி மருந்தையும் வயதும் எடையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பெரிய நாய்க்குக் கலக்கிப் பூசும் அமிற்றாஸைக்கூட இந்த வயதுக் குட்டிக்குப் பூசுவதில்லை.

இதற்கெல்லாம் ஆள் பிடிக்கவே தேவையில்லை. வெயில் ஏறிய பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர், நாய்க்கான ஷாம்பு கொஞ்சம், காதுக்குள் தண்ணீர் போகாமல் ஒரு கை, உடனே துவாயால் ஈரம் போகத் துடைப்பு. அவ்வளவுதான். நாங்கள் போடும் சவர்க்காரம் அதன் தோலை வறட்டிவிடும். உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். நசுக்க வேண்டாம். நகம் வெட்ட, குட்டி தூங்கி எழுந்த நேரம் நல்லது. ஒரே நாளில் நான்கு காலையும் முடிக்க வேண்டுமென்று என்ன கட்டாயம்?

ஏற்கெனவே யாராவது இப்படிப் பூசிவிட்டார்கள் என்றால், முதலில் உங்கள் கையில் சொப்பிங் பையை மாட்டிக்கொள்ளுங்கள், அந்த மருந்து மனிதத் தோலாலும் இறங்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டு நிறையத் தண்ணீரில் அலசுங்கள், நக்க விடாதீர்கள். எண்ணெய் தடவுவது, பால் பருக்குவது எதுவும் வேண்டாம். போத்தல் அகப்பட்டால் அதையும் எடுத்துக்கொண்டு நேரே வைத்தியரிடம் போங்கள்.