மாமாவின் வால்வு செட்டும் என் லேப்டாப் ஆம்ப்பும்: ஆறு வருட அனுபவம்

2019-இல் மாமா மைக்செட் தொழிலை விட்டபோது குழாய் ஸ்பீக்கர்களையும் ஒயர் கட்டுகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். வால்வு ஆம்ப்ளிபயரை மட்டும் என் ஸ்கூட்டரில் ஏற்றிக் கட்டிவிட்டார். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) முப்பது வருடம் வில்லுப்பாட்டுக்கும் ரெக்கார்டுக்கும் ஓடிய செட் அது. முன்னால் சிக்னலைப் பெருக்க இரண்டு ஈசிசி83 வால்வு, பின்னால் ஸ்பீக்கரை ஓட்ட இரண்டு இஎல்34 வால்வு. நான் கச்சேரிக் குழுவில் கிதார் வாசிக்கிறவன். எனக்கு அது பொக்கிஷம். வீட்டில் உள்ளவர்களுக்கு, பதினைந்து கிலோ இரும்பு.

வந்த அன்றே பிளக்கைச் சொருகிவிடவில்லை. வருடக்கணக்கில் சும்மா கிடந்த செட்டுக்கு முழுக் கரண்டைக் கொடுத்தால் கண்டென்சர் வெடிக்கலாம், அதோடு டிரான்ஸ்பார்மரும் போகலாம். செட்டுக்குப் போகும் கரண்ட் நூறு வாட் குண்டு பல்பு வழியாகவே போகும்படி ஒரு சீரிஸ் போர்டு செய்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், செட் தப்பித்துவிடும். என் பல்பு மங்கவே இல்லை. பவர் சப்ளை கண்டென்சர்கள் எல்லாம் காய்ந்துபோய் லீக் ஆகியிருந்தன.

புதிது வாங்கப் போன இடத்தில் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். 450 வோல்ட் என்று அச்சடித்த நாலு கண்டென்சர் வாங்கினேன், கடையின் பெயர் வேண்டாம். இரண்டாவது நாள் ஒன்று ‘டப்’பென்று வாயைப் பிளந்தது. பிரித்துப் பார்த்தால், சின்ன கண்டென்சருக்குப் பெரிய சட்டை மாட்டியிருக்கிறார்கள். அதன்பிறகு 47 மைக்ரோ ஃபாரட் என்றால் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். எடை பொய் சொல்லாது.

அடுத்த வியாதி பிடிபட ஒரு வாரம் ஆனது. ஹம்மிங் குறைந்தாலும் பாட்டு கொஞ்சம் பிசிறடித்தது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான், ஒரு இஎல்34-இன் தகடு மட்டும் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது தெரிந்தது. மீட்டரை வைத்தால் நல்ல வால்வில், கரண்டை அடக்கிவைக்கும் கிரிட் முனையில் மைனஸ் 36 வோல்ட், இதில் மைனஸ் 29. முந்தைய கட்டத்திலிருந்து வரும் பேப்பர் கண்டென்சர், சிக்னலோடு கொஞ்சம் டிசியையும் கசியவிட்டிருக்கிறது. சின்ன சாமான்தான், ஆனால் அது கசிந்தால் விலை உயர்ந்த வால்வு சாகும். இரண்டு பக்கமும் மாற்றியதும் தகடு கறுத்தது. கூடவே, இரண்டு முனை பிளக்கை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று முனை போட்டேன். மைக்கில் பாடுகிறவருக்கு உதட்டில் சுரீரென்று அடிக்கும் என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அவருக்கு அது கதை, எனக்குக் கேட்கும்போதே வயிற்றைப் பிசையும்.

பயஸ் வைப்பதுதான், அதாவது பாட்டு இல்லாதபோது வால்வில் ஓடும் கரண்டைச் சரியாக வைப்பதுதான், ஆறு வருடத்தில் நான் அதிகம் செய்த வேலை. ஒவ்வொரு இஎல்34-இன் கேத்தோடு முனையிலும் ஒரு ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். அதன் குறுக்கே 38 மில்லி வோல்ட் காட்டினால் 38 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. முதல் தடவை சாயங்காலம் 38 வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இரவு 11 மணிக்குச் சும்மா பார்த்தால் 47! சாயங்காலம் தெரு முழுக்க மோட்டார் ஓடும்போது 205 வோல்ட்டுக்கு இறங்கும் லைன், ஊர் தூங்கியதும் 250-ஐத் தொடுகிறது. உள்ளே 445 வோல்ட், 47 மில்லி ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 21 வாட். இஎல்34-இன் தகடு தாங்குவதே 25 வாட்தான். அதனால் எங்கள் ஊரில் வால்வு செட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பயஸை ராத்திரி வையுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கண்டென்சரில் நிற்கும் கரண்டை ரெசிஸ்டர் வைத்து இறக்குங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு செட்டில் பாட்டு விடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

எல்லாம் முடித்து மாமாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். “ஏல, சத்தம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா கொடையில கேட்ட சத்தம் இது இல்லல” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பழசை நினைத்துப் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

2020 ஊரடங்கில் லேப்டாப்பில், ஆம்ப்ளிபயரின் சத்தத்தைப் போலச் செய்யும் ஆம்ப் மென்பொருள் போட்டேன். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (ஒரு தடவைக்கு எடுக்கும் சாம்பிள்) 128 என்றால் தாமதம் கணக்குப்படி 2.7 மில்லி செகண்டு. போய்த் திரும்ப எனக்கு ஏறக்குறைய ஒன்பது மில்லி செகண்டு வருகிறது, கைக்கு உறுத்தவில்லை. இன்புட்டை மட்டும் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எந்த மாடலும் மண்ணாகத்தான் ஒலிக்கும். எனக்குப் பிடித்தது, நிஜ ஆம்ப்பில் வெளியே தெரியாத குமிழ்கள்: பயஸ், சாக் (பலமாக வாசிக்கும்போது உள்ளே வோல்ட்டேஜ் சரிவது), லைன் வோல்ட்டேஜ். நிஜத்தில் திருப்பினால் வால்வு போகும். இங்கே எவ்வளவு கண்டபடி திருப்பினாலும் காசில்லை.

ஒருநாள் விளையாட்டாக லைன் வோல்ட்டேஜைக் குறைத்து, சாக்கைக் கூட்டினேன். பலமாக மீட்டினால் சத்தம் ஒரு நொடி அமுங்கி, அப்புறம் மெல்ல எழும்புகிறது. ஓரத்தில் லேசான கரகரப்பு. சின்ன வயதில் அம்மன் கோயில் பனையடியில் படுத்துக்கொண்டு, குடத்தடி விழும்போதெல்லாம் குழாயில் கேட்ட அதே மூச்சிரைப்பு. மாமா சொன்னது சரிதான். அவருக்குத் தெரிந்த சத்தம், காய்ந்த கண்டென்சரும் சீரியல் செட்டு இழுத்த இழுப்பில் சோர்ந்துபோன கொடை வீட்டுக் கரண்டும் சேர்ந்து செய்தது. அதில் கண்டென்சரை நான் மாற்றிவிட்டேன், அந்தக் கொடை வீட்டுக் கரண்டும் என் வீட்டில் இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. செட் பரணில் இருந்ததால் நனையவில்லை, ஆனால் ஈரம் குடித்திருக்கும். இரண்டு வாரம் மூடியைக் கழற்றி வைத்து, பிறகு மறுபடி அதே குண்டு பல்பு, அதே சீரிஸ் போர்டு. வேறொன்றும் ஆகவில்லை.

அடுத்த வருடம் ரீவைண்டிங் கடை நண்பரிடம் வேரியாக் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வாங்கி, செட்டை 200 வோல்ட்டில் ஓடவிட்டு, நிஜ ஆம்ப்பின் சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கொள்ளும் நியூரல் ஆம்ப் மாடலரில் அதைப் பிடித்தேன். இலவச மென்பொருள், அந்தப் பயிற்சியை இணையத்தில் கூகுளின் கோலாப்பில் ஓட்டினேன். நிறம் அப்படியே வந்தது. அந்த அமுங்கி எழும்பும் மூச்சு முக்கால்வாசிதான் வந்தது. பிடித்தபோது இருந்த ஒரே நிலை என்பதால் உள்ளே திருப்பிப் பார்க்கவும் ஒன்றுமில்லை. கச்சேரிக்கு இப்போது லேப்டாப்தான் போகிறது. பதினைந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு தென்காசி பஸ்ஸில் யார் ஏறுவது?

வேரியாக்கை நண்பர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மாமா வீட்டுக்கு வந்தால் அதை 200-க்கு இறக்கி வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். அப்போது வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 5.5 வோல்ட்தான் கிடைக்கும், அது வால்வுக்கு ஆகாது. ஒரு மணி நேரம் விட்டுக்கொடுப்பேன். அவர் செருப்பை மாட்டியதும் மறுபடி 230.