ஈசிஆர்ல வாடகை கார்ல ஒரு நாள்
செல்ஃப் டிரைவ் கார் எடுத்து திருவான்மியூர்ல இருந்து பாண்டிக்கு ஈசிஆர்லயே மெதுவா போனோம், வண்டி ஓகே தான் ஆனா ஏசி சுமார், வைப்பர் ரப்பர் பிஞ்சு கெடந்துச்சு, திருப்பி குடுக்கும்போது பழைய கீறலுக்கு காசு கேட்டாங்க, எடுக்கும்போதே வீடியோ எடுத்து வெச்சதால தப்பிச்சேன், நீங்களும் எடுத்துருங்க. மகாபலிபுரத்துல கூட்டம், அதனால புலிக்குகை மட்டும் பாத்தோம். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை அமைதியா இருந்துச்சு. ஆனா கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை இருக்கே, 1760ல வெள்ளைக்காரன் இடிச்சது, செங்கல் சுவர் மேல நின்னா கீழ கழிமுகம், அந்தாண்ட கடல், ரெண்டு மணி நேரம் அங்கயே உக்காந்துட்டோம். மரக்காணம் உப்பளம் தாண்டும்போது இருட்டிருச்சு. வண்டிக்கு அஞ்சுக்கு மூணு, ரோட்டுக்கு அஞ்சும்.