கிரில் இல்லாம வீட்டுக்குள்ள ஸ்டீக்: இரும்பு பேனா, ஓவனா, சூ வீடா?

பால்கனில கிரில் வைக்க விடமாட்டாங்க, அதனால ஸ்டீக்னா, அதாவது தடியா வெட்டி வாட்டற மாட்டுக்கறி துண்டுன்னா, ரெஸ்டாரன்ட் தான்னு நிறைய பேர் முடிவே பண்ணிடறாங்க. ஆனா பிரெஞ்சுக்காரங்க ஸ்டீக் ஃப்ரீட்டுக்கு (ஸ்டீக்கும் உருளைக்கிழங்கு வறுவலும்) காலங்காலமா பேன்ல தான் வாட்டறாங்க. எந்த முறைங்கறத முடிவு பண்றது துண்டோட தடிமன் தான்.

1 இன்ச் வரைக்கும்னா யோசிக்கவே வேணாம், காஸ்ட் அயர்ன் பேன். நல்ல கனம்ங்கறதால குளிர்ந்த கறி விழுந்தாலும் சூடு சட்டுனு இறங்காது. நம்ம இரும்பு தோசைக்கல்லும் ஓகே தான், ஆனா விளிம்பு இல்லாததால உருகற கொழுப்பு அடுப்பு பூரா வழியும், கடைசில வெண்ணெய் பூண்டு போட்டு ஸ்பூனால அள்ளி மேல ஊத்தவும் முடியாது. நான்ஸ்டிக் வேணவே வேணாம், 260 டிகிரி செல்சியஸ் தாண்டினா கோட்டிங் கெட ஆரம்பிக்கும், வீட்ல கிளி இருந்தா அதுக்கு அந்தப் புகை இன்னும் டேஞ்சர்.

போடறதுக்கு முன்னாடி கறிய டிஷ்யூல நல்லா ஒத்தி எடுங்க. மேல ஈரம் இருக்கற வரைக்கும் சூடு 100 டிகிரிலயே நிக்கும், 140 கிட்ட போனா தான் அந்த பிரவுன் கலரும் வாசனையும் வரும். உப்பும் அப்படித்தான், ஒண்ணு 40 நிமிஷம் முன்னாடியே போடுங்க இல்ல பேன்ல வைக்கறப்போ போடுங்க, நடுவுல போட்டா தண்ணி விட்டு நிக்கும். ஒரே தடவ தான் திருப்பணும்ங்கறதெல்லாம் சும்மா, அரை நிமிஷத்துக்கு ஒருக்கா திருப்பினா உள்ள இன்னும் சீரா வேகும். அதிக சூட்ல வாட்டினா சாறு உள்ளயே பூட்டிக்கும்னு 1847ல லீபிக்ங்கற ஜெர்மன் கெமிஸ்ட் கெளப்பி விட்ட கதை இன்னும் ஓடிட்டு இருக்கு, வாட்டறது ருசிக்காக மட்டும் தான். இந்த முறைல ஒரே தொல்லை புகை, ஸ்மோக் அலாரம் கண்டிப்பா கத்தும்.

ஒன்றரை இன்ச் தடி துண்டுக்கு பேன் மட்டும் போதாது, வெளிய கருகும் உள்ள பச்சையா இருக்கும். அதுக்கு ரிவர்ஸ் சியர், அதாவது முதல்ல ஓவன், கடைசில பேன். ஓவன்ல 120 டிகிரில கம்பி ரேக் மேல வெச்சு உள்சூடு 48, 50 வந்ததும் எடுத்து, காஞ்ச பேன்ல பக்கத்துக்கு ஒரு நிமிஷம். ஓவன்லயே மேல்பக்கம் உலந்துடறதால கலர் வேகமா வருது, புகையும் கம்மி. அரை மணி முக்கா மணி ஆகும், பசியோட இருந்தா கஷ்டம் தான்.

சூ வீட்னா கறிய பையில காத்து இல்லாம அடைச்சு, சூடு மாறாத தண்ணில வேக வைக்கறது. இதுல 54 டிகிரி தண்ணில மணிக்கணக்கா போட்டாலும் ஓவரா வேகாது, சரி. ஆனா பையிலேந்து எடுத்தா சொதசொதன்னு தான் வரும், திரும்ப துடைச்சு அதே பேன், அதே புகை. ரிப்ஐக்கு (விலாப்பக்க துண்டு) இவ்ளோ மெனக்கெடணுமான்னு தான் எனக்கு தோணுது. தோள்பக்க கறி மாதிரி முரட்டு துண்ட ஒரு நாள் பூரா போட்டு மெத்துனு ஆக்கறதுக்கு இத விட்டா ஆள் இல்ல. ஓவன் பிராய்லர் (மேலேந்து நேரா சூடு அடிக்கறது) மெலிசான துண்டுக்கு பரவால்ல, ஏர் ஃப்ரையர்ல வேகும், அந்த மொறுமொறு மேல்தோல் வராது.

எதுல பண்ணாலும் தெர்மாமீட்டர் வேணும். மீடியம் ரேர் (நடுவுல சிவப்பா இருக்கற பதம்) 54லேந்து 57. அமெரிக்க அரசு சொல்றது 63, அதோட 3 நிமிஷம் ரெஸ்ட், கர்ப்பிணிகள் வயசானவங்க இருந்தா அதையே ஃபாலோ பண்ணுங்க. நம்மாளுங்க பல பேருக்கு உள்ள சிவப்பு தெரிஞ்சாலே ஆகாது, அவங்களுக்கு ஃபிலே (கொழுப்பு கம்மியான மெத்து துண்டு) வாங்கி வீணடிக்காதீங்க, கொழுப்பு நல்லா ஓடின ரிப்ஐ வாங்கினா வெல் டன் (முழுசா வெந்தது) ஆனாலும் அவ்ளோ சீக்கிரம் வறண்டு போகாது.